பத்தே விந்தணு கிடைத்தால்: உறைய வைப்பதா, முட்டை எடுக்கும் நாளில் தேடுவதா?

திருப்பூர், ஈரோடு, நாமக்கல் பக்கமிருந்து ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது. கணவரின் விந்துப் பரிசோதனையில் அணுக்களே இல்லை. அல்லது ஒரு தடவை ஐந்தாறு தெரிகிறது, அடுத்த தடவை ஒன்றுமில்லை. கோவையில் பார்த்த ஒரு டாக்டர், "முதல்ல விதையில ஆபரேஷன் பண்ணி, கிடைக்கிறத ஃப்ரீஸ் பண்ணி வச்சுக்கலாம். அப்புறமா உங்க சம்சாரத்துக்கு ஊசி ஆரம்பிக்கலாம்" என்கிறார். இன்னொரு டாக்டர், "உறைய வச்சா பாதி செத்துப் போயிடும், முட்டை எடுக்கிற அன்னைக்கே எடுத்துக்கலாங்க" என்கிறார். சேர்த்து வைத்த பணம் ஒரு தடவைக்குத்தான் காணும். யார் பேச்சைக் கேட்பது?

இருவர் சொல்வதும் உண்மைதான். எந்தத் தம்பதிக்கு எது பொருந்தும் என்பதில்தான் வித்தியாசம் வருகிறது. இதில் எனக்கு உறுதியான ஒரு கருத்து உண்டு, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மனைவியின் முட்டையை எடுத்த அன்று மதியம் ஆய்வகத் தட்டில் ஓர் அணுகூட இல்லை என்றால் என்ன செய்வோம் என்பதற்கு முன்கூட்டியே பதில் வைத்திருக்காத எந்தத் திட்டத்துக்கும் சம்மதிக்காதீர்கள். முட்டை வளரப் பத்துப் பன்னிரண்டு நாள் ஊசி போட்டு, வயிறு வீங்கி, மயக்க மருந்தில் படுத்து எழுந்த பெண்ணிடம் போய், "இன்னைக்கு ஒண்ணும் கிடைக்கலைங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு வருவது சிகிச்சை ஆகாது.

## ஒப்பிடும் முன் உறுதிசெய்ய வேண்டியவை

அணுக்களே இல்லை என்ற முடிவை ஒரே ரிப்போர்ட்டை வைத்து ஏற்கக் கூடாது. குறைந்தது இரண்டு முறை பரிசோதனை வேண்டும். இரண்டு முறையும் விந்தை சுழற்சிக் கருவியில் போட்டு, அடியில் படியும் வண்டலைத் தேடிப் பார்த்திருக்க வேண்டும். சிறிய லேப்களில் ஒரு துளியைக் கண்ணாடியில் வைத்துப் பார்த்துவிட்டு 'நில்' என்று எழுதிக் கொடுத்துவிடுவது உண்டு. அப்படி 'நில்' என்று வந்தவர்களில் சிலருக்கு வண்டலில் நாலைந்து அணுக்கள் இருக்கும். அந்த நாலைந்து இருந்தால் ஆபரேஷனே தேவைப்படாமல் போகலாம்.

உலக சுகாதார நிறுவனம் 2021-ல் வெளியிட்ட கையேட்டின்படி, இயல்பின் கீழ் எல்லை ஒரு மில்லிக்கு 1.6 கோடி அணுக்கள், மொத்தமாக ஒரு தடவைக்கு 3.9 கோடி. நாம் பேசுவது அந்தக் கணக்கில் வராத ஆண்களைப் பற்றி. ஒன்று, இரண்டு என்று விரல் விட்டு எண்ணும் நிலையில் இருப்பவர்கள். ஆனாலும் ஓர் அணுவை நுண்ணூசியால் நேரே முட்டைக்குள் செலுத்தும் இக்ஸி முறை 1992-ல் வந்த பிறகு ஒரு முட்டைக்கு ஓர் உயிருள்ள அணு போதும். அதனால்தான் பத்து அணு என்பது பெரிய சொத்து.

சரி, அணு ஏன் இல்லை? ஜிம்மில் உடம்பு ஏற்ற டெஸ்டோஸ்டிரோன் ஊசி போட்டவர்களுக்கு உற்பத்தி அடியோடு நின்றுவிடும். நிறுத்தினால் பெரும்பாலும் சில மாதங்களில் திரும்ப வரும். மூளையிலிருந்து வரும் ஹார்மோன் குறைவால் உற்பத்தி இல்லாதவர்களுக்கு ஊசி மருந்தே பலன் தரும். பல வருடச் சர்க்கரை நோயாளிகளில் சிலருக்கு விந்து வெளியே வராமல் மூத்திரப்பைக்குள் போய்விடும், மூத்திரத்தைச் சோதித்தால் தெரிந்துவிடும். இவர்களுக்கெல்லாம் கத்தி வைப்பது அவசரம்.

மிச்சம் இருப்பவர்களை இரண்டாகப் பிரிக்கலாம். உற்பத்தி நன்றாக இருந்து, வழி அடைபட்டவர்கள் ஒரு வகை. பழைய குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன், தொற்று, பிறவியிலேயே விந்துக்குழாய் இல்லாமை ஆகியவை காரணம். வழி திறந்திருந்தும் விதையில் உற்பத்தியே சொற்பமாக இருப்பவர்கள் இன்னொரு வகை. பொன்னுக்கு வீங்கி வந்து விதை வீங்கியவர்கள், இறங்காத விதை உள்ளவர்கள், மரபணுக் குறை உள்ளவர்கள், பலருக்குக் காரணமே தெரியாது. கீழே வரும் ஒப்பீட்டில் இந்த இரண்டு வகைக்கும் பதில் வேறு வேறாக இருக்கும்.

இரண்டாம் வகைக்கு ஆபரேஷனுக்கு முன்னால் இரண்டு ரத்தப் பரிசோதனை கட்டாயம்: குரோமோசோம் பரிசோதனை, ஒய் குரோமோசோமில் துண்டு விடுபட்டிருக்கிறதா என்ற பரிசோதனை. விந்தணு உற்பத்திக்கு வேண்டிய ஏ.இசட்.எஃப். என்ற இடத்தை ஏ, பி, சி என்று பிரிப்பார்கள். அதில் ஏ அல்லது பி பகுதி முழுவதும் இல்லை என்று வந்தால் விதையைத் திறந்தும் அணு கிடைக்காது, அந்தச் செலவும் வலியும் மிச்சம். சி பகுதி மட்டும் இல்லை என்றால் கிட்டத்தட்ட பாதிப் பேருக்குக் கிடைக்கும். ஆனால் பிறக்கும் மகனுக்கும் அதே குறை போகும். பிறவியிலேயே விந்துக்குழாய் இல்லாதவருக்கு வேறொரு மரபணுப் பரிசோதனை உண்டு, அதை மனைவிக்கும் சேர்த்துச் செய்ய வேண்டும். மாமன் மகள், அத்தை மகன் என்று சொந்தத்தில் கட்டியவர்கள் நம் பக்கம் நிறைய. அவர்கள் இதைத் தள்ளிப்போடவே கூடாது, இருவரும் அதே குறையைச் சுமந்தால் குழந்தைக்கு நுரையீரலையும் கணையத்தையும் தாக்கும் நோய் வரலாம்.

## எவற்றை வைத்து அளப்பது

முதல் அளவுகோல், மொத்தம் எத்தனை அணு கிடைக்கும் என்பதும் அவற்றில் எத்தனை அசைகின்றன என்பதும். அடுத்தது, உறைந்து உருகிய பின் எத்தனை உயிரோடு மிஞ்சும். மூன்றாவது, மனைவியின் வயதும் முட்டைக் கையிருப்பும். 35 தாண்டினால் ஊசி போட்டு முட்டை எடுக்கும் ஒவ்வொரு சுழற்சியும் அருமையானது. நான்காவது, விதையை எத்தனை தடவை திறக்கலாம். ஒவ்வொரு ஆபரேஷனிலும் கொஞ்சம் திசு போகிறது, ரத்தம் கட்டலாம், டெஸ்டோஸ்டிரோன் குறையலாம். அதனால் மறுபடி செய்வதென்றால் குறைந்தது ஆறு மாதம் இடைவெளி விடச் சொல்வார்கள். பணம் ஐந்தாவது. அதைக் கடைசியில் வைத்ததற்குக் காரணம் உண்டு: முதல் நாலையும் பார்க்காமல் பணத்தை மட்டும் பார்த்து எடுக்கும் முடிவுதான் கடைசியில் அதிகச் செலவு வைக்கிறது.

## உறைய வைப்பதில் என்ன நடக்கிறது

நம் தோட்டங்களில் மாட்டுக்குச் சினை ஊசி போட வருபவர் நைட்ரஜன் கேனைத் திறந்து, புகை கிளம்ப ஒரு ஸ்ட்ராவை எடுப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதே மைனஸ் 196 டிகிரிதான், அதே திரவ நைட்ரஜன்தான். மனித விந்தை உறைய வைத்துப் பயன்படுத்திக் குழந்தை பிறந்தது 1953-லேயே பதிவாகிவிட்டது. ஆனால் ஒரு பெரிய வித்தியாசம் இருக்கிறது. காளையின் கால் மில்லி ஸ்ட்ராவில் சுமார் 2 கோடி அணுக்கள் இருக்கும். அதில் ஒரு கோடி செத்தாலும் கவலை இல்லை. நம்மிடம் இருப்பது பத்து. பாதி போனால் ஐந்து, அந்த ஐந்தையும் ஒரு குப்பி திரவத்துக்குள் தேடிப் பிடிக்க வேண்டும்.

சேதம் நடப்பது உறையும் நிமிடங்களிலும் உருகும் நிமிடங்களிலும்தான். அணுவுக்குள் பனிப் படிகம் உண்டாவதும், உப்புச் செறிவு மாறுவதும் அதைக் கொல்கின்றன. அதைத் தடுக்கத்தான் கிளிசரால் போன்ற காப்புப் பொருளைச் சேர்க்கிறார்கள். ஒருமுறை உறைந்த பிறகு ஒரு வருடமா, பத்து வருடமா என்பது பெரிய விஷயமே இல்லை. 20 ஆண்டுக்கு மேல் உறைந்திருந்த விந்தணுவில் குழந்தை பிறந்ததற்கு மருத்துவப் பதிவு இருக்கிறது. "கரண்ட் போனா என்னங்க ஆகும்?" என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். அந்தத் தொட்டி மின்சாரத்தில் ஓடுவதில்லை. நைட்ரஜன் ஆவியாகிக் குறையக் குறைய ஊற்ற வேண்டும், அவ்வளவுதான். யார், எத்தனை நாளைக்கு ஒருமுறை ஊற்றுகிறார்கள், மட்டம் குறைந்தால் அலாரம் அடிக்குமா என்று கேட்பது நல்ல கேள்வி.

உறைய வைக்கும் பாத்திரமும் முக்கியம். வழக்கமான குப்பியில் அரை மில்லி, ஒரு மில்லி என்று ஊற்றுவார்கள். லட்சக்கணக்கில் அணு இருப்பவருக்கு அது போதும். பத்து அணு உள்ளவருக்கு அது வைக்கோற்போரில் ஊசி. அதற்காகத்தான் மெல்லிய பட்டையின் நுனியில் மிகச் சிறிய துளியாக, அணுக்களை ஒவ்வொன்றாக எடுத்து வைத்து உறைய வைக்கும் முறைகள் வந்தன. 1997-ல் முட்டையின் வெற்று ஓட்டுக்குள் அணுக்களை வைத்து உறைய வைத்ததில் இது தொடங்கியது. இதில் எத்தனை வைத்தோம் என்ற எண்ணிக்கை கையில் இருக்கும், உருக்கியதும் தேடும் நேரம் குறையும். ஆனால் உட்கார்ந்து ஒவ்வொன்றாக எடுத்து வைக்கும் எம்பிரியாலஜிஸ்டுக்கு, அதாவது ஆய்வகத்தின் கருவியல் நிபுணருக்கு, பழக்கமும் பொறுமையும் வேண்டும், எல்லா மையத்திலும் இது கிடையாது. உங்கள் ரிப்போர்ட்டில் அணுக்கள் நூற்றுக்குக் கீழே என்றால், "எதில் உறைய வைப்பீர்கள்?" என்ற கேள்வி "எவ்வளவு ஆகும்?" என்பதைவிட முன்னால் வர வேண்டும்.

## வழி ஒன்று: வெளிவரும் விந்தையே சேர்த்து வைப்பது

ஒரு தடவை தெரிந்து, ஒரு தடவை மறையும் ஆண்களுக்கு இதுதான் முதல் வழி. கத்தி இல்லை, மயக்க மருந்து இல்லை. அணு தெரியும் ஒவ்வொரு தடவையும் அதைத் தனித்தனிக் குப்பியாக உறைய வைத்துக்கொண்டே வருவது. முட்டை எடுக்கும் நாளில் முதலில் புதிய விந்து கொடுத்துப் பார்ப்பார்கள். அதில் இருந்தால் அதையே பயன்படுத்துவார்கள், இல்லையென்றால் சேமிப்பைத் திறப்பார்கள்.

இதில் தள்ளிப்போடுவதுதான் பெரிய எதிரி. அணு எண்ணிக்கை ஆண்டுதோறும் இறங்கிக்கொண்டே போகும் ஆண்கள் உண்டு, ஒய் குரோமோசோமில் சி பகுதி இல்லாதவர்கள் குறிப்பாக. "அடுத்த வருஷம் விசைத்தறிக் கடன் முடியட்டும், அப்புறம் பார்க்கலாம்" என்று நினைப்பவர்கள் ஐவிஎஃப்பை, அதாவது முட்டையை வெளியே எடுத்துக் கருவாக்கும் சிகிச்சையை, தள்ளிப்போடட்டும், உறைய வைப்பதையாவது இந்த மாதமே செய்துவிடட்டும். நாமக்கல், சங்ககிரிப் பக்கத்து லாரி டிரைவர்கள் மாதக்கணக்கில் வடக்கே இருப்பார்கள். முட்டை முதிரும் நாளுக்குள் வண்டி ஊர் திரும்புமா என்று யாராலும் சொல்ல முடியாது. வெளிநாட்டில் வேலை செய்பவர்களுக்கும் இதே நிலைமைதான். இவர்களுக்கு ஊரில் இருக்கும்போதே சேர்த்து வைத்துவிட்டுப் போவது மிகவும் பொருந்தும்.

மறைந்திருக்கும் செலவு: ஒவ்வொரு தடவையும் உறைய வைக்கும் கட்டணம், அதன் மேல் வருட வாடகை. நாலைந்து தடவை சேர்ந்தால் அது கணிசமான தொகை ஆகிவிடும். உறைய வைக்கும் முன் எச்ஐவி, ஹெபடைடிஸ் பி, சி பரிசோதனையும் கேட்பார்கள்.

புற்றுநோய்க்குக் கீமோ தொடங்கப் போகும் இளைஞர்களும் இதே வழியில்தான் வருகிறார்கள். முதல் கீமோ ஏறுவதற்கு முன்னால் ஒன்றிரண்டு நாள் இடைவெளியில் இரண்டு மூன்று முறை சேமித்துவிட வேண்டும். கல்யாணமாகாத பையனிடம் இதை எப்படிப் பேசுவது என்று அப்பாவும் அம்மாவும் தயங்கும் அந்த ஒரு வாரத்தில் வாய்ப்பு போய்விடுகிறது. தயவுசெய்து பேசுங்கள். அப்பாவுக்கு வாய் வரவில்லை என்றால் தாய்மாமன் பேசட்டும்.

## வழி இரண்டு: முதலில் ஆபரேஷன், கிடைத்ததை உறைய வைத்து, அப்புறம் மனைவிக்கு ஊசி

வழி அடைபட்டவர்களுக்கு இதில் யோசிக்கவே வேண்டாம். விதையை ஒட்டிய குழாயிலிருந்து ஊசி மூலம் எடுக்கும் பீசாவிலோ, விதையிலிருந்தே ஊசி மூலம் எடுக்கும் டெசாவிலோ ஏராளமான அணுக்கள் வரும். உறைய வைத்தாலும் போதுமான அளவு மிஞ்சும். புதியதற்கும் உறைந்ததற்கும் கருவுறுதலில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. ஒரே தடவை எடுத்து, பல குப்பிகளாகப் பிரித்து வைத்தால் இரண்டு மூன்று சுழற்சிக்கும் வரும்.

உற்பத்தியே குறைந்தவர்களுக்குத்தான் சிக்கல். அவர்களுக்குச் செய்வது மைக்ரோ டெசி. விதையைத் திறந்து, நுண்ணோக்கியில் பெரிதாக்கிப் பார்த்து, மெலிந்த குழாய்களுக்கு நடுவே கொஞ்சம் பருத்து வெண்மையாக இருக்கும் குழாய்களை மட்டும் எடுப்பார்கள். நியூயார்க்கில் பீட்டர் ஷ்லெகல் 1999-ல் அறிமுகப்படுத்திய முறை இது. கிட்டத்தட்ட பாதிப் பேருக்குத்தான் அணு கிடைக்கிறது. இந்தக் கணக்குதான் இரண்டாம் வழியின் முழு பலம். பாதிப் பேருக்குக் கிடைக்காது என்று முன்பே தெரிந்த நிலையில், முதலில் கணவரின் ஆபரேஷனை முடித்துவிட்டால், கிடைக்காத பாதிப் பேரின் மனைவிமார் ஒரு ஊசிகூடப் போட்டுக்கொள்ள வேண்டியதில்லை. ஐவிஎஃப்புக்கான லட்சங்களும் மிஞ்சும்.

பலவீனம், இப்படி விதையிலிருந்து எடுக்கும் அணுக்கள் பெரும்பாலும் அசையாதவை, அல்லது லேசாகத் துடிப்பவை. உருக்கிய பிறகு எது உயிரோடு இருக்கிறது என்று கண்டுபிடிப்பது கடினம். உப்புக் குறைந்த கரைசலில் வால் சுருள்கிறதா என்று பார்ப்பது, பென்டாக்ஸிஃபிலின் என்ற மருந்தைத் தொட்டு அசைய வைப்பது, லேசரால் வாலைத் தொட்டுப் பார்ப்பது என்று வழிகள் உண்டு. அப்படியும் சிலருக்கு உருக்கியதில் பயன்படுத்தக்கூடிய அணு ஒன்றும் மிஞ்சாது. 'உறைந்ததிலும் புதியதிலும் பலன் ஒன்றுதான்' என்று காட்டும் ஆய்வுகள் உண்டு. அதைப் படிக்கும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும்: அந்தக் கணக்கு உருக்கிய பின் நல்ல அணு கிடைத்து இக்ஸி வரை போனவர்களை வைத்து எடுத்தது. கிடைக்காமல் போனவர்கள் அந்த விகிதத்துக்குள் வருவதில்லை.

ஆகவே இந்த வழியில் போகிறவர்கள் இரண்டைக் கேட்டு வாங்க வேண்டும். ஆபரேஷன் நாளில் எத்தனை அணு பார்த்தார்கள், எத்தனை அசைந்தன, எத்தனை குப்பியில் பிரித்தார்கள் என்ற எழுத்துக் குறிப்பு. அப்புறம், உருக்கி ஒன்றும் இல்லை என்றால் அன்றைக்கே மறுபடி ஆபரேஷன் செய்ய ஆள் இருக்கிறாரா, இல்லை முட்டையை உறைய வைத்துவிடுவார்களா என்ற பதில்.

## வழி மூன்று: முட்டை எடுக்கும் நாளிலேயே ஆபரேஷன்

முட்டை எடுக்கும் அன்று அல்லது அதற்கு முந்தின நாள் கணவருக்கு மைக்ரோ டெசி. முந்தின நாளே எடுத்தால் அணுக்களை ஓர் இரவு இன்குபேட்டரில் வைத்திருக்கலாம், சிலருக்கு அதில் அசைவுகூட வந்துவிடும். உறைதலின் சேதமே இல்லை. முன்பு ஒருமுறை மைக்ரோ டெசி செய்து ஒருசில அணுக்கள் மட்டுமே கிடைத்தவர்களுக்கு, உருக்கியதில் ஒன்றும் மிஞ்சாதவர்களுக்கு, நான் இந்த வழியைத்தான் சொல்வேன். அந்த ஒருசில அணுவை உடனே முட்டைக்குள் செலுத்தி, உண்டாகும் கருவை உறைய வைத்துக்கொள்ளலாம். தனி அணுவைவிடக் கரு உறைதலை நன்றாகத் தாங்கும்.

ஆனால் இது ஒரு பெரிய ஒருங்கிணைப்பு வேலை. முட்டை முதிர்வதற்கான கடைசி ஊசி போட்டு 34 முதல் 36 மணி நேரத்தில் முட்டையை எடுத்தாக வேண்டும், எடுத்த அன்றே சில மணி நேரத்தில் அணுவைச் செலுத்த வேண்டும். மைக்ரோ டெசி செய்யும் நிபுணர் எல்லா மையத்திலும் இருப்பதில்லை. வெளியூரிலிருந்து வரவழைக்கும் இடங்களில் அவருடைய தேதி சனி, ஞாயிறு என்று இருக்கும், முட்டை அவருக்காகக் காத்திருக்காது. ஆபரேஷன் மூன்று நாலு மணி நேரம் போகலாம், தேடுதல் அதற்கு மேலும் போகலாம். கணவன், மனைவி இருவரும் ஒரே நாளில் படுக்கையில். கூட இருந்து பார்த்துக்கொள்ள அம்மாயியோ அக்காவோ வர வேண்டியிருக்கும், வந்தால் விஷயம் வீட்டில் தெரியும். இதை ஒளிக்க நினைக்கும் தம்பதிகளுக்கு இது சின்ன விஷயமில்லை.

முதல் மைக்ரோ டெசியையே இப்படி வைப்பதை, மனைவிக்கு வயது குறைவாக இருந்தால், நான் ஆதரிக்க மாட்டேன். பாதிக்குப் பாதி வாய்ப்பில் ஒரு பெண்ணின் உடம்பை முன்கூட்டியே பணயம் வைக்க அவசியம் இல்லை. மனைவிக்கு 38, 39 ஆகி, ஒரு மாதம்கூடக் காத்திருக்க முடியாது என்றால் கணக்கு மாறும்.

## வழி நான்கு: முட்டையை உறைய வைத்துக் காத்திருப்பது

இதைத் தனி வழியாக யாரும் தேர்ந்தெடுப்பதில்லை, மற்ற மூன்றுக்கும் காப்பாக வைத்துக்கொள்வது. தேவைப்பட்ட அன்று அணு கிடைக்கவில்லை என்றால் முதிர்ந்த முட்டைகளை வேகமுறையில் உறைய வைத்துவிடலாம். நல்ல ஆய்வகத்தில் உருக்கும்போது பெரும்பாலான முட்டைகள் பிழைக்கும். மனைவியின் வயது ஏறிக்கொண்டிருக்க, கணவருக்கு ஆறு மாத இடைவெளி கட்டாயம் என்ற நிலையில் வேண்டுமென்றே இதைச் செய்வதும் நல்ல யோசனைதான். இதற்கான கட்டணத்தை முன்பே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். அன்றைக்குப் பதற்றத்தில் கேட்கும் விலைக்குப் பேரம் பேச முடியாது.

## ஒரே பார்வையில்

| | சேர்த்து வைப்பது | முதலில் ஆபரேஷன், உறைநிலை | அதே நாள் ஆபரேஷன் | முட்டையை உறைய வைப்பது |
|---|---|---|---|---|
| யாருக்கு | விந்தில் எப்போதாவது அணு தெரிபவர், வெளியூர் வேலை, கீமோவுக்கு முன் | அடைப்பு உள்ளவர். முதல் மைக்ரோ டெசி செய்பவர் | முன்பு ஒருசில அணுவே கிடைத்தவர். மனைவிக்கு வயது ஏறியவர் | எல்லோருக்கும் காப்பாக |
| உறைதலில் இழப்பு | உண்டு, பல குப்பி இருப்பதால் சமாளிக்கலாம் | அடைப்பில் பொருட்டில்லை, உற்பத்திக் குறைவில் பெரிய அபாயம் | இல்லை | கொஞ்சம் |
| அணு கிடைக்காவிட்டால் மனைவிக்கு | அடுத்து ஆபரேஷன் இருக்கிறது | ஊசியே போட்டிருக்க மாட்டார் | ஊசி, மயக்கம், பணம் எல்லாம் போயிருக்கும் | முட்டை பத்திரம் |
| விதைக்கு | கத்தி இல்லை | ஒரு தடவை, உருக்கியதில் இல்லையேல் இரண்டு | ஒரு தடவை | சம்பந்தமில்லை |
| ஒருங்கிணைப்பு | எளிது | எளிது | கடினம் | எளிது |

## கணக்கில் வராத செலவுகள்

வருட வாடகை கட்ட மறந்தால் என்ன ஆகும் என்று படிவத்தின் கடைசிப் பக்கத்தில் இருக்கும். வீடு மாறி, போன் நம்பர் மாறி, புதுப்பிக்கச் சொல்லும் கடிதம் கைக்கு வராமல் போவது எளிதாக நடக்கும். இரண்டு பேர் நம்பரையும் கொடுங்கள், நாள்காட்டியில் தேதியைக் குறித்து வையுங்கள்.

இடம் மாற்றுவது அடுத்தது. ஈரோட்டில் ஆபரேஷன் செய்து உறைய வைத்துவிட்டு, கோவையில் ஐவிஎஃப் செய்யலாம் என்று நினைப்பவர்கள் நிறைய. நைட்ரஜன் ஆவி நிறைந்த பயணப் பாத்திரத்தில் கொண்டுபோக முடியும், அதற்குத் தனிக் கட்டணம். 2021-ன் இனப்பெருக்கத் தொழில்நுட்ப ஒழுங்குமுறைச் சட்டப்படி சொந்த அணுவைச் சொந்தப் பயன்பாட்டுக்கு மாற்றவும் தேசிய வாரியத்தின் அனுமதி வேண்டும். எனவே எந்த ஆய்வகத்தில் இக்ஸி செய்யப் போகிறீர்களோ அங்கேயே உறைய வையுங்கள். உறைய வைத்த கைகளே உருக்கினால் இன்னும் நல்லது, ஏனென்றால் ஒவ்வொரு ஆய்வகத்தின் திரவமும் வேகமும் வேறு. அந்த மையம் அச்சட்டத்தின் கீழ் இரண்டாம் நிலையில் பதிவு பெற்றதா என்று பாருங்கள். முதல் நிலை மையங்கள் விந்தைக் கருப்பைக்குள் செலுத்தும் சிகிச்சைக்கு மட்டுமே உரியவை. இன்னொரு எல்லையும் சட்டத்தில் உண்டு: சிகிச்சை பெறும் பெண்ணுக்கு 21 முதல் 50 வயதுக்குள், ஆணுக்கு 21 முதல் 55 வயதுக்குள் இருக்க வேண்டும். கருவை 10 ஆண்டுக்கு மேல் சேமிக்க முடியாது. 'எத்தனை வருடம் வேண்டுமானாலும் இருக்கட்டும்' என்று விட்டுவிட முடியாது.

மருத்துவக் காப்பீட்டை நம்ப வேண்டாம். பெரும்பாலான பாலிசிகளின் விலக்குப் பட்டியலில் ஐவிஎஃப்பும் இக்ஸியும் பெயர் சொல்லியே இருக்கின்றன. கம்பெனி தரும் குழுக் காப்பீட்டில் அரிதாக விதிவிலக்கு இருக்கலாம், கேட்டுப் பாருங்கள்.

ஆபரேஷனுக்குப் பின் கனமான வேலைக்கு ஒன்றிரண்டு வாரம் போக முடியாது. சாயப்பட்டறையிலோ தேங்காய் ஏற்றும் வேலையிலோ இருப்பவருக்கு அது கூலி இழப்பு. மைக்ரோ டெசிக்கு முன்பு சில மாதம் மாத்திரை எழுதித் தருவதும் உண்டு, விந்தணு உருவாகி முடிய இரண்டரை மாதம் ஆகும் என்பதால் பலன் பார்க்கவே மூன்று மாதம் போகும். மனைவிக்கு வயது ஏறியிருந்தால் அந்த மூன்று மாதமும் செலவுதான்.

## என்னிடம் கேட்டால்

அணு எப்போதாவது விந்தில் தெரிகிறது என்றால் இன்றே சேர்க்கத் தொடங்குங்கள், ஆபரேஷனைப் பற்றி அப்புறம் யோசிக்கலாம். அடைப்பு என்றால் எடுத்து உறைய வைத்துவிட்டு நிதானமாக மனைவியின் சுழற்சியைத் தொடங்குங்கள். உற்பத்திக் குறைவு, மனைவிக்கு 35-க்குக் கீழே என்றால் முதலில் ஆபரேஷன், சிறு துளி முறை தெரிந்த ஆய்வகத்தில் உறைநிலை. அப்போது கிடைத்தது பத்துக்குள் என்று தெரிந்தால், அடுத்த தடவை உறைந்ததைக் கையில் வைத்துக்கொண்டு, கூடவே அதே நாள் ஆபரேஷனுக்கும் ஏற்பாடு செய்யுங்கள். முதலில் உறைந்த ஒரு குப்பியை உருக்கிப் பார்ப்பார்கள், போதுமானது இருந்தால் கணவர் ஆபரேஷன் இல்லாமலே வீட்டுக்குப் போகலாம்.

ஒன்றுமே கிடைக்காவிட்டால் தானம் பெற்ற விந்தணுவா, தத்தெடுப்பா, இப்படியே இருப்பதா என்பதை முட்டை எடுக்கும் அறைக்கு வெளியே நின்று முடிவு செய்யக் கூடாது. தான விந்தணு வேண்டாம் என்றால் வேண்டாம் என்று இருவரும் முன்பே எழுதிக் கொடுத்துவிடலாம். சரி என்றால் அதற்கும் இருவர் கையெழுத்தும் வேண்டும். அந்தப் பேச்சை வீட்டிலேயே, இரண்டு பேர் மட்டும், ஊசி தொடங்குவதற்கு ஒரு மாதம் முன்னாலேயே பேசி வையுங்கள். சம்மதப் படிவத்தில் மரணம், விவாகரத்து, வாடகை நிலுவை என்று மூன்று இடத்தில் கேள்வி இருக்கும். மூன்றையும் நிரப்பி, ஒரு பிரதி வாங்கி, நிலப் பத்திரத்தோடு வைத்துவிடுங்கள்.